மதினி தூங்கிக் காட்டிய சாயங்காலம்

அறுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. எம். புதுப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நானும் என் மதினியும் வேலை பார்த்தோம். மதினி என்றால் என் ஒரே அண்ணனின் மனைவி. நான் அப்போது பத்தொன்பது வயதுக் குமரி, அவளுக்கு இருபத்தாறு. வானம் ஏமாற்றி, கரிசலில் போட்ட பருத்தி கருகிப்போன வருடம். இனிமேல் காட்டை நம்பிப் பயனில்லை என்று அண்ணன் லாரியில் லோடு ஏற்றப் போய்விட்டான். நாங்கள் இரண்டு பேரும் தூக்குச்சட்டியும் கையுமாகக் கம்பெனிக்கு நடந்தோம்.

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எனக்கு அப்போது மதினியைக் கட்டோடு பிடிக்காது. காரணம் அவள் தூக்கம். ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டிக்கொண்டே தூங்குவாள். தண்ணீர்க் குடத்தோடு வரிசையில் நின்றபடி தூங்குவாள். கம்பெனிக்குப் போகிற வழியில் செருப்பில் குத்திய முள்ளை எடுக்க ஒரு நிமிடம் வரப்பில் உட்கார்ந்தால், நான் பத்தடி போய்த் திரும்பிப் பார்ப்பதற்குள் தலை தொங்கிவிடும். ராத்திரியில் அவள் விடுகிற குறட்டையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். எதிர்வீட்டுக்காரர் ஒருநாள் வந்து, "ஒங்க வீட்டுல மாவுமில்லு வச்சிருக்கீகளா?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஆம்பிளை குறட்டை விட்டால் அசதி என்பார்கள். பொம்பளை விட்டால் அது குடும்பத்துக்கே வெட்கம். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

பட்டாசு வேலை பார்க்கிற ஊர்க்காரர்களான எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. தலைவலியோ வயிற்றுவலியோ, எது வந்தாலும் "மருந்துத் தூசி உள்ளே போயிருச்சு" என்று முடிவு கட்டிவிடுவோம். மருந்து என்றால் வெடிமருந்து. அந்தத் தூசியை இறக்குவதற்கு எங்கள் வைத்தியம் வாழைப்பழமும் கருப்பட்டியும். மதினிக்கும் தூசிதான் நெஞ்சை அடைக்கிறது என்று ஒரு வருடமாக அதைத்தான் கொடுத்தோம். காலையில் இரண்டு பழம், சாயங்காலம் ஒரு துண்டு கருப்பட்டி. ஆள் இரண்டு சுற்றுப் பெருத்தாள், கழுத்தே தெரியாமல் போனது, குறட்டையும் இரண்டு பங்கானது. கொடுத்த நாங்களே அதைப் பார்த்து, "தின்னுட்டுத் தின்னுட்டுத் தூங்குறா" என்று சொன்னோம். இப்போது நினைத்தால் எங்களை எதால் அடிக்கலாம் என்று தோன்றுகிறது.

அந்த வருடம் ஆவணியில் அம்மா ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். தீபாவளி முடிந்தால் கம்பெனிகள் ஒரு மாதம் மூடிக் கிடக்கும். அந்தச் சமயத்தில் மதினியைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவது, திரும்பக் கூப்பிடுவதில்லை. அண்ணனிடமும் சொல்லிவிட்டாள். அவன் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. லாரியில் ஏறிப் போய்விட்டான். என்னிடம் கேட்டபோது நான், "அனுப்பிரும்மா, நிம்மதியாத் தூங்கட்டும்" என்று நக்கலாகச் சொன்னேன். மதினிக்கு இது தெரியும். அடுத்த அறையில்தான் இருந்தாள், அன்றைக்கென்று பார்த்து விழித்திருந்தாள்.

கம்பெனியிலும் அவள் தலைக்கு மேல் கத்தி தொங்கியது. திரி வைக்கிற அறையில் இரண்டு முறை கண் அசந்துவிட்டாள். வெடிமருந்து இருக்கிற இடத்தில் அது சாதாரண விஷயமா? ஒரு கை தவறினால் அறையோடு போய்விடும். போர்மேன் அவளைச் சணல் சுற்றுகிற எங்கள் அறைக்கு மாற்றிவிட்டு, "இன்னொரு தடவை கண்ணை மூடினா சீட்டைக் கிழிச்சிருவேன்" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது.

கம்பெனியில் மத்தியானம் மணி அடித்தால் அறைகளில் ஒரு ஆள் இருக்கக் கூடாது. கையை மூன்று தண்ணீரில் கழுவிவிட்டு வேப்பமரத்தடிக்கு வந்துதான் சாப்பிட வேண்டும். சாப்பிட்டபின் கொஞ்ச நேரம் கட்டையைச் சாய்க்கலாம். மதினி கடைசிக் கவளத்தை விழுங்கினாளோ இல்லையோ, மல்லாந்து படுத்துவிடுவாள். அப்படி ஒருநாள் அவள் குறட்டை ஏறிக்கொண்டே போனது. பெண்கள் சிரித்தார்கள். திடீரென்று சத்தம் நின்றது. "அப்பாடா, கரண்டு போயிருச்சு" என்றாள் ஒருத்தி. எல்லாரோடும் சேர்ந்து நானும் சிரித்துக்கொண்டே திரும்பி மதினியின் முகத்தைப் பார்த்தேன்.

வயிறு ஏறி இறங்குகிறது. ஆனால் வாயிலும் மூக்கிலும் காற்றே இல்லை. கழுத்து நரம்பு புடைக்கிறது. உதடு நாவல்பழம் தின்ற மாதிரி கறுக்கிறது. நான் அவள் மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. பயந்துபோய் உலுக்கக் கையைத் தூக்கியபோது, கிணற்றில் முங்கியவள் மேலே வந்து மூச்சு வாங்குவதைப் போல ஒரு பெரிய இழுப்பு இழுத்தாள். கண் பாதி திறந்தது, மறுபடி மூடியது, மறுபடி குறட்டை. வேலைக்கு மணி அடிப்பதற்குள் நான்கு முறை இப்படி நடந்தது. மற்றவர்கள் பேச்சில் இருந்தார்கள், யாரும் கவனிக்கவில்லை.

அன்று திரும்பி வரும்போது, அவள் கல்யாணமாகி வந்த ஐந்து வருடத்தில் முதல்முறையாக அவளிடம் ஒரு நல்ல கேள்வி கேட்டேன். "மதினி, தூங்கும்போது ஒங்களுக்கு எப்படி இருக்கும்?"

அவள் சட்டென்று நின்றுவிட்டாள். பிறகு நடந்துகொண்டே சொன்னாள். "யாரோ தலையைப் பிடிச்சு கெணத்துக்குள்ள அமுக்குற மாதிரி இருக்கும் தாயி. விடிஞ்சா தலை பாறாங்கல்லாக் கனக்கும். ராத்திரி பூரா கண்ணை மூடாதவ மாதிரிதான் எந்திரிக்கேன். இதை யாருகிட்டச் சொல்ல? எந்நேரமும் தூங்குறவ, எனக்குத் தூக்கமே இல்லைன்னு சொன்னா சிரிக்க மாட்டாகளா?"

சிரித்தவர்களில் முதல் ஆள் நான்தானே. அவள் தூக்குச்சட்டியையும் வாங்கி நானே சுமந்துகொண்டு வந்தேன். அதைத் தவிர அந்த நேரத்தில் எனக்கு வேறொன்றும் செய்யத் தெரியவில்லை.

மறுநாளிலிருந்து மத்தியானங்களில் நான் தூங்குவதை விட்டேன். அவள் தூங்குவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் நல்ல நிழலை வேறொரு கூட்டம் பிடித்துக்கொண்டதால், மரத்தின் பெரிய வேர் ஒன்று புடைத்து நிற்கிற இடத்தில் ஒடுங்கிப் படுத்தாள். முதுகை வேர் தடுத்ததால் மல்லாந்து படுக்க முடியவில்லை, ஒருக்களித்தே கிடந்தாள். அன்று குறட்டை பாதியாகிவிட்டது. மூச்சு ஒருமுறைகூட நிற்கவில்லை. எழுந்தவள் முகத்தில் ஒரு தெளிவு. சாயங்காலம் வரை தலை தொங்கவில்லை. நான் மூன்று நாள் அதே வேருக்கு முன்னால் அவளைப் படுக்க வைத்துப் பார்த்தேன். மூன்று நாளும் அப்படியே.

மரத்து வேரைப் பெயர்த்து வீட்டுக்குக் கொண்டுபோக முடியுமா? தலையணையை முதுகுக்கு அண்டக் கொடுத்தோம், அது நழுவிப் போனது. ஒரு கூழாங்கல்லை முந்தானையில் முடிந்து முதுகுப் பக்கம் கட்டிக்கொண்டாள். கல் குத்திக் குத்தி முதுகு கன்றிவிட்டது. "விடு புள்ள, இன்னும் ரெண்டு மாசம்தான இந்த வீட்டுல" என்றாள். அவள் அழாமல் சொன்னாள், எனக்குத்தான் அழுகை வந்தது. தீபாவளிக்குள் இவளை நன்றாகத் தூங்க வைத்துக் காட்டினால் அம்மா மனம் மாறும் என்று எனக்கு ஒரு பிடிவாதம் பிடித்துக்கொண்டது.

அப்போதுதான் என் கையில் இருந்ததையே பார்த்தேன். எங்கள் அறையில் அணுகுண்டு வெடிக்குச் சணல் சுற்றுவோம். மருந்து அடைத்த சின்னக் காகிதப் பெட்டிமேல் பசை தொட்ட சணலை இழுத்து இழுத்துச் சுற்றிக் காயவைத்தால், உருண்டையாக இறுகிவிடும். கெட்டியாக இருக்கும், ஆனால் கல்லைப் போலக் குத்தாது. மருந்தே இல்லாத வெறும் பெட்டியை வைத்து, கழித்துப் போட்ட சணல் துண்டுகளை முடிச்சுப் போட்டு, மத்தியான வேளைகளில் மரத்தடியில் உட்கார்ந்து ஒன்று சுற்றினேன். வெடியைவிடப் பெரிதாக, ஒரு நார்த்தங்காய் அளவுக்கு. இதை ரவிக்கை முதுகில் ஒரு பை தைத்துப் போட்டுக்கொண்டால் போதும், மல்லாந்து புரள முடியாது. மதினியிடம் காட்டினேன். கையில் வாங்கி உருட்டிப் பார்த்துவிட்டு, "வேரை உருண்டையாக்கிட்டியே புள்ள" என்று சிரித்தாள்.

கம்பெனியில் சொல்லிவிட்டு எடுத்துப் போயிருக்கலாம். ஆனால் எதற்கு என்று கேட்பார்கள், மதினிக்கு மூச்சு நிற்கிற கதை மேலே வரை தெரிந்துவிடும், போர்மேன் சீட்டைக் கிழித்துவிடுவார். அதனால் மடியில் கட்டிக்கொண்டு கிளம்பினேன். என் புத்திசாலித்தனம் அவ்வளவுதான்.

எங்கள் கம்பெனி கேட்டில் உள்ளே போகும்போதும் சோதனை, வெளியே வரும்போதும் சோதனை. உள்ளே போகையில் தீப்பெட்டியும் இரும்பும் இருக்கக் கூடாது. வெளியே வருகையில் சரக்கு எதுவும் இருக்கக் கூடாது. பெண்களைச் சோதிக்க ஓர் அக்கா இருந்தாள். என் இடுப்பைத் தட்டியவள் கை நின்றது. மடியை அவிழ்த்து உருண்டையை எடுத்தாள். இவ்வளவு பெரிய குண்டை அவள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. "ஐயோ, குண்டு! குண்டு!" என்று அலறினாள். கீழே போட்டால் வெடிக்குமோ என்று பயம், கையில் வைத்திருக்கவும் பயம். கையை நீட்டியபடி நின்ற இடத்திலேயே குதித்தாள். போர்மேன் ஓடி வந்து அதைப் பிடுங்கி, கேட்டில் தொங்கிய தண்ணீர் வாளிக்குள் முக்கினார்.

வேலை விட்டு வந்த அத்தனை பேரும் அங்கே கூடிவிட்டார்கள். பெண்கள், பேக்கிங் ஆட்கள், லோடு ஏற்ற நின்ற லாரிக்காரர்கள், எப்படியும் இருநூறு பேர் இருக்கும். மானேசர் வந்தார். முதலாளிக்குச் சொந்தக்காரர், சத்தம் போட்டே பேசாதவர், அதனாலேயே எல்லாருக்கும் அவரிடம் பயம். சரக்குத் திருடியவளுக்கு அந்த வட்டாரத்தில் எந்தக் கம்பெனியிலும் வேலை கிடையாது. அச்சங்குளத்தில் எனக்கு ஒரு மாப்பிள்ளை வேறு பேசிக்கொண்டிருந்தார்கள். திருடி என்ற பேர் அங்கே போய்ச் சேர ஒரு மணி நேரம் போதும்.

போர்மேன் நனைந்த உருண்டையை எடுத்துச் சணலைப் பிரித்தார். நான் சுற்றியது அப்படி! பிரிக்கப் பிரிக்க வந்துகொண்டே இருந்தது. முடிவில் காகிதப் பெட்டி வந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

"மருந்தில்லாத குண்டை எதுக்கு மடியில கட்டிட்டுப் போற?" என்றார் மானேசர்.

"வெளையாட..." என்றேன்.

"யாரு வெளையாட?"

நான் வாயை மூடிக்கொண்டேன். சொன்னால் மதினி போய்விடுவாள், சொல்லாவிட்டால் நான் போய்விடுவேன். அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு மதினி வந்தாள்.

"அவ எனக்காகத்தான் செஞ்சா" என்றாள். "எனக்குப் பொல்லாத குறட்டை. தூங்கும்போது மூச்சு நின்னு நின்னு வருது. மல்லாந்தா நின்னுபோகும், ஒருக்களிச்சா வரும். புரளாம இருக்க முதுகுல வச்சுக்கிடத்தான் அது. வேறொண்ணுக்கும் இல்லை."

கூட்டத்தில் குபீரென்று சிரிப்பு. லாரிக்காரர்கள் பக்கத்திலிருந்துதான் அதிகம். போர்மேன், "குறட்டைக்கு அணுகுண்டு போடுதாகளாம், கேட்டுக்கோங்க" என்றார். மானேசர் சிரிக்கவில்லை, ஆனால் நம்பவும் இல்லை. "மூச்சு நின்னா ஆளு இருக்க முடியுமாம்மா? கதை சொல்லாத" என்றார்.

மதினியின் முகம் சிவந்துவிட்டது. அவள் அழப்போகிறாள் என்று நினைத்தேன். அவளோ, "நீங்க நம்ப வேண்டாம். கண்ணால பாருங்க" என்றாள். கேட்டுக்குப் பக்கத்து வேப்பமரத்தடிக்கு நடந்தாள். சேலையைக் கணுக்கால் வரை இழுத்து விட்டு, முந்தானையை இழுத்துப் போர்த்தி, இருநூறு பேர் பார்க்க மண்ணில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடினாள்.

இன்றைய பிள்ளைகளுக்கு இது பெரிதாகத் தெரியாது. அந்தக் காலத்தில் வேற்று ஆண்கள் நடமாடும் இடத்தில் ஒரு பெண் கால் நீட்டி உட்காரவே மாட்டாள். எந்தக் குறட்டைக்காக அவளை வீட்டை விட்டு அனுப்ப இருந்தார்களோ, அதையே ஊர் பார்க்கப் போட்டுடைக்கத் துணிந்துவிட்டாள். அதுவும் யாருக்காக? "அனுப்பிரும்மா" என்று சொன்ன எனக்காக. நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். எந்தத் தூக்கத்தை ஐந்து வருடம் திட்டினேனோ, அந்தத் தூக்கம் இப்போது வர வேண்டுமே என்று இருக்கன்குடி அம்மனை வேண்டினேன்.

அம்மன் கைவிடவில்லை. கொஞ்ச நேரத்தில் குறட்டை ஆரம்பித்தது. கூட்டத்தில் மறுபடி சிரிப்பு கிளம்பியது. சத்தம் ஏறியது, ஏறியது, சட்டென்று நின்றது. பேக்கிங் அறையில் வெடிக்கட்டு எண்ணுகிற பெரியவர் ஒருவர் முன்னால் நின்றார். அவருக்கு எதைப் பார்த்தாலும் எண்ணுகிற பழக்கம். வியாபாரக்காரர்கள் ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்றுதானே தொடங்குவார்கள்? அவர் அதே வழக்கத்தில் எண்ண ஆரம்பித்தார். "லாபம், ரெண்டு, மூணு, நாலு..."

பத்து வந்தபோது சிரித்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். மதினியின் வயிறு தவிக்கிறது, வாயில் காற்று இல்லை. பதினைந்தில் உதடு கறுத்தது. பதினெட்டில் ஒரு பெண், "யாராச்சும் எழுப்புங்களேன்!" என்று கத்தினாள். பெரியவர் எண்ணுவதை நிறுத்தவில்லை. இருபத்திரண்டு. அப்போதுதான் மதினி அந்தப் பெரிய இழுப்பை இழுத்தாள். கூடியிருந்த அத்தனை பேரும் அவளோடு சேர்ந்து மூச்சு விட்டதை நான் கேட்டேன்.

நான் அவளைப் புரட்டி ஒருக்களித்துப் படுக்க வைத்து, மறுபடி மல்லாந்துவிடாமல் என் முழங்காலை அவள் முதுகுக்கு முட்டுக் கொடுத்தேன். குறட்டை தணிந்தது. மூச்சு சீராக வந்தது, போனது. உதட்டில் நிறம் திரும்பியது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் எழுப்பப் போனேன். மானேசர் கையைக் காட்டித் தடுத்தார்.

"எழுப்பாத. தூங்கட்டும்" என்றார். லாரிக்காரர்கள் பக்கம் திரும்பி, "எவனும் ஆரன் அடிக்கக் கூடாது" என்றார்.

வீட்டுக்குப் போக அவசரப்பட்ட கூட்டம் அது. அடுப்பு மூட்ட வேண்டும், பிள்ளைகள் காத்திருக்கும். ஆனாலும் முதலில் ஒருத்தி மண்ணில் உட்கார்ந்தாள், பிறகு ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். தூக்குச்சட்டி மூடி சத்தம் போடாமல் கையால் அமுக்கிக்கொண்டார்கள். கால்மணி நேரத்துக்கு மேல் அந்தக் கேட்டில் ஒரு பேச்சு இல்லை. வெட்கம் பார்க்காத ஒருத்தியைச் சுற்றி ஒரு கம்பெனியே காவல் இருந்ததைப் பார்த்தவள் நான்.

மதினி கண் விழித்து, வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள். சுற்றிப் பார்த்ததும் கூச்சத்தில் சுருங்கிப்போனாள். எல்லாரையும் வா, போ என்று பேசுகிற மானேசர், "போதுமாம்மா? நல்லாத் தூங்கினீகளா? மெதுவா வீட்டுக்குப் போங்க" என்றார். போர்மேன் பிரித்த சணலை நேர்த்தியாகச் சுற்றிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். கொடுக்கும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு நாங்கள் போவதற்கு முன்பே செய்தி போய்விட்டது. அம்மா வாசலில் நின்றாள். ஊர் சிரித்திருக்கும், இன்றைக்கே பெட்டியைக் கட்டச் சொல்வாள் என்று நினைத்தேன். அவள் மதினியை ஒன்றும் சொல்லாமல் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "எத்தனை வரைக்கும் எண்ணினாக?" என்றாள்.

"இருவத்திரெண்டு."

"நீ எண்ணு" என்று சொல்லிவிட்டு, வாயை மூடி மூக்கைப் பிடித்துக்கொண்டாள். நான் லாபம், ரெண்டு என்று அந்தப் பெரியவரைப் போலவே எண்ணினேன். பன்னிரண்டில் அம்மா கண் பிதுங்கியது. பதினாறில் கையை விட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு இளைத்தாள். கண்ணில் தண்ணீர். இளைப்பு அடங்கியதும், "இதை அவ ராத்திரி பூராவுமா படுதா?" என்றாள்.

"ஆமாம்மா. அஞ்சு வருசமா."

அம்மா, "அவ பழைய ரவிக்கை ஒண்ணை எடுத்துட்டு வா. ஊசி நூலும் கொண்டா" என்றாள். முதுகுப் பையை அவளே தைத்தாள், இரட்டைத் தையல் போட்டு. தாய்வீட்டுப் பேச்சை அதற்குப் பிறகு அவள் எடுக்கவே இல்லை.

லோடு இறக்கிவிட்டு வந்த அண்ணன் கேள்விப்பட்டதும், மறுவாரமே மதினியை விருதுநகருக்கு ஒரு டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனான். நானும் போனேன். அந்த அம்மா தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்து, நாங்கள் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். "இதுக்கு இன்ன பேருன்னு எனக்குச் சொல்லத் தெரியலை, மருந்தும் தெரியலை. ஆனா நீங்க செஞ்சது சரி" என்றார். ஒருக்களித்தே படுக்க வேண்டும், தலைமாட்டை உயர்த்த வேண்டும், உடம்பைக் குறைக்க வேண்டும், தூக்க மருந்து என்று யார் எது கொடுத்தாலும் தொடக் கூடாது என்று சொன்னார். கருப்பட்டிக் கதையைக் கேட்டதும் எங்களை ஒரு பார்வை பார்த்தார்.

அண்ணன், "அப்ப இவ சோம்பேறி இல்லையா டாக்டரம்மா?" என்று கேட்டான். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ராத்திரி பூரா மூச்சுக்கு மல்லுக்கட்டிட்டு, பகல் பூரா வேலையும் பாக்குறவங்க சோம்பேறியா? உங்களால ஒரு நாள் முடியுமா?" என்றார். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான். திரும்பி வரும் பஸ்ஸில் மதினியை ஜன்னலோரம் உட்கார வைத்தான். திருத்தங்கல் வருவதற்குள் அவள் அவன் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். இறங்குகிற வரைக்கும் அவன் அந்தத் தோளை அசைக்கவே இல்லை. பின்சீட்டிலிருந்து பார்த்துக்கொண்டே வந்தேன்.

கம்பெனியில் மானேசர் மதினியை மருந்துப் பக்கமே விடாமல், நின்று வேலை செய்கிற லேபிள் அறைக்கு மாற்றினார். மத்தியானம் அவள் படுக்கிற வேரடியை யாரும் பிடிக்கக் கூடாது என்று ஒரு சட்டமும் போட்டார். போகப் போக ஒவ்வொரு பெண்ணாக என்னிடம் வந்து காதோடு காதாகக் கேட்க ஆரம்பித்தார்கள். எங்க மாமாவுக்கும் இப்படித்தான், எங்க அம்மைக்கும் இப்படித்தான், எனக்கும் ஒண்ணு சுத்திக் கொடு. இத்தனை வீடுகளில் இத்தனை பேர் பேச்சு வாங்கிக்கொண்டு மூச்சுக்குத் தவித்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. சீசன் முடிந்த கடைசி நாளில் மானேசரே கழிவுச் சணலைக் கொடுத்து, மருந்தில்லாத உருண்டைகளைச் சுற்றச் சொன்னார். கேட்டில் காட்ட ஆளுக்கொரு சீட்டும் எழுதிக் கொடுத்தார். அரைச் சாக்கு சுற்றினோம். அதில் ஒன்று போர்மேன் வீட்டுக்குப் போனது. அவர் கேட்கவில்லை, அவர் மனைவி ஆள் அனுப்பி வாங்கிக்கொண்டாள்.

எல்லாருக்கும் அந்த உருண்டை பலன் தந்தது என்று சொல்ல மாட்டேன். சிலருக்கு ஒன்றும் ஆகவில்லை. மதினிக்கும் அந்தக் கோளாறு தீர்ந்துபோகவில்லை, சளி பிடித்தால் பழையபடி ஆகிவிடும். ஆனால் ஆட்டுக்கல்லில் தூங்குவது நின்றது. பாட்டுப் பாடிக்கொண்டு மாவு ஆட்டினாள். இவ்வளவு நல்ல குரல் அவளுக்கு இருந்தது எங்களுக்குத் தெரியாது. ரொம்ப வருடம் கழித்து மதுரையில் ஒரு டாக்டர் இதற்கு ஒரு பேரைச் சொல்லி, முகத்தில் மாட்டிக்கொள்ளும் காற்று மெசின் ஒன்றைக் கொடுத்தார். கடைசிப் பத்து வருடம் அவள் அதை மாட்டிக்கொண்டுதான் தூங்கினாள். மாட்டிவிட்டது பெரும்பாலும் நான்தான். அச்சங்குளத்தில் வாழ்க்கைப்பட்டாலும் மாதத்தில் பாதி நாள் நான் அண்ணன் வீட்டில்தான் கிடந்தேன்.

இப்போது அவள் இல்லை. ஒருக்களித்துப் படு, தலைமாட்டை உயர்த்து, முதலில் டாக்டரைப் பார் என்று நான் யாரிடமாவது சொன்னால், இதெல்லாம் உனக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்கிறார்கள். படித்தவள் மாதிரி பாவனை செய்யாமல் உள்ளதைச் சொல்லிவிடுவேன். தன் வாழ்வே போனாலும் போகட்டும் என்று இருநூறு பேர் நடுவில் மண்ணில் படுத்துத் தூங்கி, தன்னைப் போல் தவித்த அத்தனை பேரையும் ஏச்சிலிருந்து மீட்டாளே, அவளுக்கு நான் நாத்தனாராக இருந்தேன் என்று சொல்லும்போது இந்த வயதிலும் என் தலை தானாக நிமிர்கிறது.